ஏரிப் படம்: மன அழுத்தத்தைத் தாளில் வரைந்து பார்க்கும் முறை

"ரொம்ப டென்ஷனா இருக்கு" என்று சொல்பவரிடம், எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, எப்போதிலிருந்து என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் எதை முதலில் கையில் எடுப்பது என்றே தெரிவதில்லை. பிரித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு படம்: ஏரி. ஒரு தாள், ஒரு பென்சில், நாற்பது நிமிடம் போதும்.

இதன் வேர் 1977இல் இருக்கிறது. மனச்சிதைவு நோயை ஆராய்ந்த ஜோசப் ஜூபின், போனி ஸ்பிரிங் இருவரும், நெருக்கடியைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், அந்த அளவைத் தாண்டும்போதுதான் நோய் தலைகாட்டும் என்று விளக்கினார்கள். 2002இல் இங்கிலாந்தில் அலிசன் பிராபனும் டக்ளஸ் டர்கிங்டனும் அந்தக் கருத்தை ஒரு வாளியாக வரைந்தார்கள். மேலிருந்து கவலைகள் தண்ணீராக விழும், கீழே திறக்க ஒரு குழாய் இருக்கும். இன்று மனநல ஆலோசகர்கள் பலர் பயன்படுத்துவது இந்த வாளிப் படத்தைத்தான். ஆனால் வாளியில் சில விஷயங்களைக் காட்ட முடியாது. வாளியில் வண்டல் படியாது. ஒரு வாளியின் உபரி இன்னொரு வாளிக்கு வராது. ஏரியில் இதெல்லாம் உண்டு, ஏரியைத் தெரியாத தமிழர் குறைவு. அதனால் ஏரியையே வரைவோம்.

வரைவதற்கு முன்

கோடு போடாத ஏ4 தாளைக் குறுக்குவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில், அழிப்பான், நீலம், சிவப்பு என இரண்டு பேனா. பென்சில் முக்கியம், எண்களைக் குறைந்தது இரண்டு முறையாவது திருத்துவீர்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கைப்பேசியிலேயே வரையலாமே என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் பட்டியலிடப்போகும் வரத்துகளில், அதாவது ஏரிக்குள் வந்து விழும் கவலைகளில், பாதி அந்தக் கருவி வழியாகத்தான் வருகிறது; வரைந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து விழும்.

தாளின் நடுவில் ஏரியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வரையுங்கள்: அகன்ற ஒரு பள்ளம், வலப்பக்கம் உயர்ந்த கரை. கரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம், அது மதகு, நீரைத் திறந்துவிடும் வாசல். கரையின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டு, அது கலிங்கு, ஏரி நிரம்பினால் உபரி வழியும் இடம். இடப்பக்கத்திலிருந்து மூன்று கோடுகள் பள்ளத்துக்குள் இறங்கட்டும், அவை வரத்துக்கால்கள், நீர் வரும் கால்வாய்கள். பள்ளத்தின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு இடம் விடுங்கள், அது வண்டலுக்கு. மதகின் பக்கத்தில் நட்டிருக்கும் அளவுகோலைப் போல ஒரு செங்குத்துக் கோடு போட்டு 0 முதல் 10 வரை அடி குறியுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. அழகுபடுத்த ஆரம்பித்தால் வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் நீர்மட்டம், பிறகுதான் மற்றதெல்லாம்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. வரத்துகளை முதலில் எழுதினால், எழுத எழுத மனம் கனத்து, 5 அடி இருந்த நீர் 9 அடியாகத் தெரியும். அதனால் உட்கார்ந்த உடனேயே, காரணம் யோசிக்காமல், இப்போது எத்தனை அடி என்று ஒரு நீலக் கோடு போட்டுவிடுங்கள்.

எத்தனை அடி என்று எப்படித் தெரியும்? பலருக்கு இரண்டு அளவுதான் தெரியும்: "நல்லா இருக்கேன்", "முடியல". நடுவில் இருக்கும் அடிகளை உடம்பை வைத்துத்தான் குறிக்க வேண்டும். உங்கள் அளவுகோலில் 3, 6, 8 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் உங்களுக்கே உரிய அடையாளம் ஒன்றை எழுதுங்கள். ஒருவருக்கு 3 அடியில் படுத்த கால் மணி நேரத்தில் தூக்கம் வரும். 6 அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார், பின்கழுத்து இறுகும், வரும் அழைப்புகளை எடுக்காமல் விடுவார். 8 அடியில் பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்குக் கத்துவார். உங்களுக்கு வேறாக இருக்கலாம்: வயிறு, தலைவலி, இனிப்புத் தேடுவது, ஒரே செய்தியை மூன்று முறை படிப்பது. வீட்டில் இருப்பவரிடம் "எனக்குக் கோபம் ஏறுவதற்கு முன்னால் நான் என்ன செய்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். 6 அடியின் அடையாளம் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 6 அடிதான் மிக முக்கியமான குறி. 8 அடியில் யோசிக்கும் நிலை இருக்காது. 6 அடியில் இன்னும் கை ஓடும்.

மூன்று வரத்துக்கால்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். ஏரிக்குத் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது.

முதலாவது மழை. உங்களைக் கேட்டு வராதது: அம்மாவின் சர்க்கரை நோய், இரவுப் பணி முறை, பிள்ளையின் பொதுத்தேர்வு, ஏறிப்போன வாடகை. நீங்கள் நிறுத்த முடியாது, ஆனால் பெரும்பாலும் எப்போது வரும் என்று தெரியும்.

இரண்டாவது மேல் ஏரியின் உபரி. தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கலிங்கு பாய்ந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்கு வரும். மேலதிகாரிக்கு மேலே இருப்பவர் அவரை நெருக்க, அவர் இரவு பத்து மணிக்கு உங்களுக்குச் செய்தி அனுப்புகிறார். அண்ணன் வீட்டுச் சண்டை அண்ணி மூலமாக உங்கள் போனுக்கு வருகிறது. இது உங்கள் மழை இல்லை. மழை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் உண்மையில் மேல் ஏரியின் உபரி என்பது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியும். மழையிடம் பேச முடியாது, மேல் ஏரிக்காரரிடம் பேசலாம்: "ஒன்பது மணிக்கு மேல் வரும் செய்தியைக் காலையில்தான் பார்ப்பேன், அவசரம் என்றால் அழையுங்கள்."

மூன்றாவது நாமே வெட்டிய கால். யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒப்புக்கொண்டவை: குடியிருப்புச் சங்கப் பொருளாளர் பதவி, தவணைக்கு வாங்கிய இரண்டாவது வண்டி, உறவினர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவது, பதினொரு வாட்ஸ்அப் குழுக்கள். வெட்டியபோது நியாயமான காரணம் இருந்திருக்கும். இப்போதும் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒவ்வொரு காலிலும் அதிகபட்சம் நான்கு வரத்துகளை எழுதுங்கள். அதற்கு மேல் போனால் படம் புகார்ப் பட்டியலாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளோ, ஒரு நாளோ, ஒரு நேரமோ இருக்க வேண்டும். "வேலை" என்று எழுதினால் அதை எந்தப் பலகை போட்டும் அடைக்க முடியாது. "மாதக் கடைசி மூன்று நாள் ஸ்டாக் கணக்கு" என்று எழுதினால் முடியும். "பணம்" என்பதும் அப்படித்தான். "5ஆம் தேதி நகைக்கடன் வட்டி" என்று எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எண். வாரத்தில் ஓரிரு நாள் நினைவுக்கு வந்தால் 1, தினமும் வந்தால் 2, தூக்கத்தையோ சாப்பாட்டையோ தொட்டுவிட்டால் 3. "இதைவிடக் கஷ்டப்படுபவர்கள் எத்தனையோ பேர்" என்று எண்ணைக் குறைக்காதீர்கள். பக்கத்து ஊர் ஏரியின் நீர்மட்டம் உங்கள் கரைக்குக் கணக்கில்லை.

வண்டல்

ஒரே அளவு மழைக்கு ஒரு ஏரி தாங்குகிறது, இன்னொன்று வழிகிறது. அடியில் படிந்த வண்டல் கொள்ளளவைத் தின்றிருக்கும். மனிதருக்கும் அப்படிச் சில உண்டு: மாதக்கணக்கில் குறைந்துபோன தூக்கம், காட்டாமல் விட்ட முழங்கால் வலி, தம்பியிடம் பேசாமல் போன மூன்று வருடம், திருப்பித் தராத கைமாற்று, பாதியில் நிற்கும் பட்டா பெயர் மாற்றம். இவை தினமும் நினைவுக்கு வருவதில்லை. அதனால்தான் இவற்றை யாரும் வரத்தில் எழுதுவதில்லை. பள்ளத்தின் அடியில் சிவப்பில் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

தூர் வாருவது கோடையில் செய்யும் வேலை. 8 அடி நிற்கும்போது பழைய குடும்பச் சண்டையைக் கிளறினால் சேறு கலங்குமே தவிர வெளியே வராது. மட்டம் 4 அடிக்குக் கீழே இருக்கும் வாரத்தில் ஒரு வண்டலை மட்டும் எடுங்கள். அதிலும் முதலில் உடம்பு சம்பந்தப்பட்டதை: பல், கண், முதுகு, தூக்கம். ஒரு மருத்துவரைப் பார்த்தால் தீரக்கூடியதை வருடக்கணக்கில் சுமப்பவர்கள் ஏராளம்.

மதகும் கலிங்கும் வேறு

மதகு என்பது நீங்களே, தெரிந்து, அளவோடு திறப்பது. கலிங்கு என்பது நிரம்பியதும் தானாகப் பாய்வது. கத்துவது, அழுவது, காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுப் படுத்துக்கிடப்பது எல்லாம் கலிங்கு. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை; கலிங்கு இல்லாவிட்டால் கரை உடையும். ஆனால் வாரம் தவறாமல் கலிங்கு பாய்கிறது என்றால் மதகு திறக்கவில்லை என்று பொருள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை கலிங்கு பாய்ந்தது, எந்தக் கிழமை என்று கலிங்கின் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே கிழமையில் கூடினால் முந்தைய நாளைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

மதகில் எழுதுவதற்கு ஒரே சோதனை: அதைச் செய்த இரண்டு மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ மட்டம் இறங்கியிருக்கிறதா? செய்யும்போது நன்றாக இருப்பது போதாது. சில விஷயங்கள் மதகு போலத் தெரியும், ஆனால் வெளியே போன நீர் சுற்றிவந்து மறுபடி ஏரிக்குள்ளேயே விழும். மது சீக்கிரம் தூங்க வைக்கும். இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும். நள்ளிரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்ப்பது மறுநாளின் வண்டல். மாலை ஏழு மணிக் காபியும் அப்படியே: உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், பாதி நள்ளிரவிலும் உள்ளே இருக்கும். இவற்றை மதகிலிருந்து கிளம்பி வரத்துக்காலில் போய்ச் சேரும் சிவப்பு அம்பாக வரையுங்கள். அந்த அம்பைப் பார்ப்பதே பலருக்கு இந்தப் பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதியாக இருக்கிறது.

உண்மையான மதகுகளுக்கும் அளவு உண்டு. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். சின்ன மதகு, ஆனால் பேருந்திலும் திறக்கலாம். வேக நடை நடுத்தர மதகு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பெரிய மதகு என்பது ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுப்பது. "கொஞ்சம் உதவி பண்ணேன்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வாரத்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்துவைப்பது இனி உன் வேலை" என்றால் நடக்கும்.

வருடக்கணக்கில் திறக்காத மதகுப் பலகை துருவேறி இறுகிவிடும், வெள்ளம் வந்த அன்று நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மூச்சுப் பயிற்சி "எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் அதை முதன்முதலாக முயன்றது 9 அடியில். 3 அடி இருக்கும் நாளிலும் திறந்து பழகுங்கள்.

நிரப்பிய படம் ஒன்று

சுழற்சி முறையில் வேலை செய்யும் ஒரு செவிலியரின் படம் என்று வைத்துக்கொள்வோம். மட்டம் 8 அடி. மழையில்: மாதத்தில் எட்டு நாள் இரவுப் பணி (3), மாமியாரின் காலை இன்சுலின் ஊசி (2). மேல் ஏரியில்: விடுப்பு நாளிலும் ஆள் பற்றாக்குறை என்று வரும் அழைப்பு (2). தானே வெட்டியதில்: குடியிருப்புச் சங்கக் கணக்கு (2), மகனின் வகுப்புப் பெற்றோர் குழுவை நிர்வகிப்பது (1). வண்டல்: இரவுப் பணிக்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்காத பழக்கம். மதகில் மொட்டைமாடி நடை என்று எழுதி, நின்று மூன்று மாதம் ஆயிற்று என்று பக்கத்தில் குறித்திருக்கிறார். கலிங்கு: இரண்டு வாரத்தில் மூன்று முறை, மூன்றுமே இரவுப் பணி முடிந்த மறுநாள் மாலை.

முதல் பார்வையில் கண் போவது அந்த 3இன் மீது. வேலையை விட்டால்தான் விடிவு என்று தோன்றும். ஆனால் தானே வெட்டிய கால்கள் இரண்டையும் கூட்டினால் அதுவும் 3. அவற்றை அடைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த வாரத்துக்கான வேலை ஒன்றே ஒன்று: ஞாயிறு காலை பதினோரு மணிக் கூட்டத்தில் கணக்கு நோட்டை ஒப்படைப்பது. கலிங்கு பாயும் கிழமைகள் இன்னொன்றையும் காட்டுகின்றன: இரவுப் பணி முடிந்த நாளின் சமையலை வேறு யாராவது ஏற்றால், தூக்கம் ஆறு மணி நேரமாகலாம், கலிங்கும் நிற்கலாம். அது அடுத்த வாரத்துக்கு.

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை என்பதில் கறாராக இருங்கள். மூன்று கால்களை ஒரே வாரத்தில் அடைக்க முயல்வதே நான்காவது வரத்தாகிவிடும். அந்த ஒரு வேலையையும் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்த முறை இது. "நடைப்பயிற்சி தொடங்க வேண்டும்" என்பதை விட "ஏழு மணிச் செய்தி முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போவேன்" என்பது நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எப்போது என்று முடிவெடுக்கும் வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது.

மழைக்கு முன்பே இடம் விடுவது

சென்னைக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல ஆண்டுகளில் 21, 22 அடியிலேயே உபரி நீரைத் திறக்கத் தொடங்குகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நிரம்பிய பிறகு திறந்தால் பெரும் அளவில் திறக்க வேண்டிவரும்.

உங்கள் மழைக்கும் மாதம் உண்டு. கணக்குத் துறையில் இருப்பவருக்கு மார்ச். பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஜூன் முதல் இரண்டு வாரம். ஜவுளிக் கடையில் வேலை என்றால் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம். நாட்காட்டியில் அந்த வாரங்களைக் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே மட்டத்தை 5 அடிக்குக் கொண்டுவரத் திட்டமிடுங்கள்: புதிய பொறுப்பு எதையும் ஏற்காமல், வண்டல் எதையும் கிளறாமல், மதகை ஒரு சுற்று கூடுதலாகத் திறந்து.

எங்கே தவறுகிறது

அடிக்கடி நடப்பது எண்களைக் கூட்டிக் கழிப்பது. வரத்து 10, மதகு 4, ஆகவே 6 அடி என்று கணக்குப் போடாதீர்கள். எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும். மட்டத்தைச் சொல்வது உடம்பு.

கணவன் மனைவி ஒரே தாளில் வரைவதும் சரிவராது. ஒருவர் மற்றவரின் மழையாகிவிடுவார். தனித்தனித் தாள், பிறகு விருப்பமிருந்தால் மாற்றிப் பார்க்கலாம். பார்ப்பவர் கேள்வி கேட்கலாம், எண்ணைத் திருத்தக் கூடாது.

படம் எல்லாவற்றையும் உங்கள் ஏரியின் குறையாகக் காட்டிவிடும் அபாயமும் உண்டு. சம்பளம் தராத முதலாளி, அலுவலகத்தில் பாலியல் தொல்லை, வீட்டில் அடி உதை, இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி மதகு கிடையாது. அங்கே அடைக்க வேண்டியது அந்த வரத்துக்காலை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்குழு இருந்தாக வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் வராமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ, மட்டம் 9க்குக் கீழே இறங்காமலோ இருந்தால் படத்தை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதே நிமிடத்தில் யாரையாவது அழையுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

வாரா வாரம்

முழுப் படம் மாதம் ஒரு முறை போதும். வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், பத்து நிமிடம்: மட்டம் குறிப்பது, கலிங்கு எத்தனை முறை என்று எழுதுவது, போன வார வேலை நடந்ததா என்று பார்ப்பது, அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது. நடக்காவிட்டால் வேலையைப் பாதியாக்குங்கள். அரை மணி நடை நடக்கவில்லை என்றால் பத்து நிமிடம்.

பழைய தாள்களைக் கிழிக்க வேண்டாம். தேதி போட்டு ஒரே கவரில் வையுங்கள். மூன்று மாதத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினால், ஒரே வரத்து மூன்றிலும் அதே எண்ணோடு இருப்பது கண்ணில் படும். அது இனி வரத்து இல்லை. அதை அழித்துவிட்டு அடுத்த படத்தில் வண்டலில் எழுதுங்கள், மட்டம் 4 அடிக்குக் கீழே போகும் வாரத்துக்கு அதைக் குறித்துவையுங்கள்.